மூலத்தில் முழுமை, பிரதியில் குரல்

மையம் வேண்டாம் என்று சொல்வது சுலபம். மையம் இல்லாத இடத்தில் ஒருவருக்கொருவர் முகவரி சொல்லிக்கொள்வது எப்படி என்பதுதான் கஷ்டம். முதல் காரியத்தைக் கொள்கை என்கிறோம். இரண்டாவதை வெறும் சௌகரியம் என்று ஒதுக்கிவிடுகிறோம். இரண்டாவதில் தோற்றவர்கள் முதலாவதை நெடுநாள் காப்பாற்றியதாக நான் பார்த்ததில்லை. ஆகவே இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 அக்டோபர் கடைசியில் ட்விட்டர் கைமாறியது. அடுத்த சில வாரங்களில், அங்கே கவிதை பற்றியும் மொழிபெயர்ப்பு பற்றியும் பேசிக்கொண்டிருந்த எங்களில் பதினைந்து இருபது பேர் மாஸ்டோடானுக்குப் போனோம். ஒரு தனி மனிதனின் பணமும் மனநிலையும் நம் பேச்சின் எல்லைகளை நிர்ணயிப்பது என்ற ஏற்பாடு பிடிக்கவில்லை. அதற்குமேல் பெரிய தத்துவம் எதுவும் அப்போது எங்களிடம் இருக்கவில்லை.

மாஸ்டோடான் என்பது 2016இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோஷ்கோ என்ற இளைஞர் எழுதி வெளியிட்ட மென்பொருள். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் ஸெர்வரில் நிறுவி நடத்தலாம். இப்படி நடத்தப்படும் ஸெர்வர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசுவதற்கு ஆக்டிவிட்டிபப் என்று ஒரு பொது ஒப்பந்தம். 2018 ஜனவரியில் டபிள்யூ3சி என்ற வலைக் கூட்டமைப்பு அதைத் தரநிலையாக ஏற்றுக்கொண்டது. மாஸ்டோடான் தவிர வேறு மென்பொருள்களும் இதே ஒப்பந்தத்தில் பேசுகின்றன. எல்லாம் சேர்ந்த பரப்புக்கு ஃபெடிவெர்ஸ் என்று பெயர். எங்களில் ஒருவர் பிரெஞ்சு ஸெர்வர் ஒன்றில் சேர்ந்தார். ஒருவர் கனடாவில் யாரோ நூலகர்கள் நடத்துவதில். ஒருவர் தானே வாடகைக்கு ஒரு ஸெர்வர் எடுத்து, அதில் தான் ஒருவர் மட்டுமே குடியிருப்பதாக அமைத்துக்கொண்டார். நான் நண்பரின் நண்பர் நடத்தும் சிறிய ஸெர்வரில் இருக்கிறேன். யாரும் யாரையும் ஒரே இடத்துக்கு வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடாமலேயே பேச முடியும் என்பதுதான் அதன் கவர்ச்சி.

பேசவும் முடிந்தது. மூன்று வருஷங்களில் எங்களைச் சலிக்க வைத்தது அபிப்ராய பேதம் அல்ல, அதற்காகத்தான் கூடியிருந்தோம். சலிக்க வைத்தது லிங்க்.

விஷயம் இதுதான். கனடா ஸெர்வரில் இருக்கும் நண்பர் ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றி நாலு பகுதிகளாக ஒரு குறிப்பு எழுதுகிறார். (ஒரு பகுதிக்கு 500 எழுத்து என்பது மாஸ்டோடானின் வழக்கமான அளவு.) பிரெஞ்சு ஸெர்வர்க்காரர் அதைப் படித்து, 'இதற்கு நீ பதில் சொல்ல வேண்டும்' என்று அதன் லிங்க்கை எனக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார். அழுத்துகிறேன். கனடா ஸெர்வரின் பக்கம் திறக்கிறது. குறிப்பு முழுவதையும் படிக்க முடிகிறது. ஆனால் அங்கே நான் யாரோ. பதில் எழுதும் பொத்தானைத் தொட்டால், உங்கள் வீடு எது, அதன் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கிறது. என் ஸெர்வரில், இதே கணினியில், அடுத்த ஜன்னலில் நான் உள்ளே நுழைந்துதான் இருக்கிறேன். அது இந்த ஸெர்வருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தெரிந்தால் அது வேறு விதமான ஆபத்து.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. லிங்க்கைப் பிரதி எடுத்து, என் ஸெர்வருக்குப் போய், அங்குள்ள தேடல் பெட்டியில் ஒட்ட வேண்டும். என் ஸெர்வர் கனடாவுக்கு ஆள் அனுப்பி அந்தக் குறிப்பின் ஒரு நகலை வாங்கி வந்து, தன் அலமாரியில் வைத்து, எனக்குக் காட்டும். அங்கே நான் பதில் எழுதலாம். இதைத் தெரிந்துகொண்டவனுக்கு அரை நிமிஷ வேலை. தெரியாதவனுக்கு இது சுவர்.

இது ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்தபோது எனக்கு நம் பழைய பதிப்பு வேலைகள் நினைவுக்கு வந்தன. ஃபெடிவெர்ஸில் ஒரு குறிப்பு ஓரிடத்தில் இருப்பதில்லை. எழுதியவரைப் பின்தொடர்பவர்கள் எத்தனை ஸெர்வர்களில் இருக்கிறார்களோ அத்தனை ஸெர்வர்களுக்கும் அதன் பிரதி போகிறது. ஒவ்வொரு ஸெர்வரும் தன் பிரதிக்குத் தன் வரிசைப்படி ஒரு எண் கொடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே குறிப்புக்குக் கனடாவில் ஒரு முகவரி, பிரான்ஸில் ஒரு முகவரி, என் வீட்டில் ஒரு முகவரி. குறுந்தொகையின் ஒரு பாட்டு உ.வே.சா.வின் 1937 பதிப்பில் ஒரு பக்கத்திலும் மலிவுப் பதிப்பில் வேறொரு பக்கத்திலும் இருப்பது மாதிரி. பக்க எண்ணைச் சொல்லி ஒருவரிடம் பாட்டைக் காட்ட முடியாது, அவரும் அதே பதிப்பை வைத்திருந்தால் ஒழிய. அதனால்தான் நாம் பக்கத்தைச் சொல்வதில்லை. குறுந்தொகை 40 என்கிறோம். கேட்பவர் தன் கையில் உள்ள பதிப்பைப் புரட்டிக்கொள்கிறார்.

அப்படியானால் ஃபெடிவெர்ஸில் பாட்டு எண்ணுக்குச் சமானமாக எதுவும் இல்லையா? இருக்கிறது. ஆக்டிவிட்டிபப் ஒவ்வொரு குறிப்புக்கும் மாறாத அடையாளம் ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. எல்லா ஸெர்வர்களும் தங்கள் பிரதியோடு அந்த அடையாளத்தையும் வைத்திருக்கின்றன. நான் தேடல் பெட்டியில் ஒட்டினால் வேலை நடப்பது அதனால்தான். சங்கடம் எங்கே என்றால், அந்த அடையாளமே ஒரு வலை முகவரியாக இருக்கிறது. எழுதப்பட்ட ஸெர்வரின் பெயர் அதற்குள் இருக்கிறது. வலை முகவரியைக் கண்டால் பிரௌசருக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே: அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுவது. பாட்டு எண்ணைச் சொன்னால் உன் அலமாரியைத் திற என்று பொருளாக வேண்டும். இங்கே பாட்டு எண்ணைச் சொன்னால் பதிப்பாசிரியர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பெயரும் வழியும் ஒன்றாகிவிட்டன.

இதை அறியாமையால் செய்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுப் பெயர் அடையாளத்துக்குள் இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் குறிப்பை இவர்தான் எழுதினார் என்பதற்கு யார் சாட்சி? மையம் இருந்தால் மையம் சாட்சி. மையம் இல்லாதபோது, எழுதியவரின் வீட்டிலேயே போய்க் கேட்டுவிடுவதுதான் எளிய வழி. அந்த வீட்டில் அந்தக் குறிப்பு இருந்தால் உண்மை, இல்லாவிட்டால் போலி. ஆக, வீட்டுப் பெயர் வழி மட்டுமல்ல, கையெழுத்தும்கூட. அதை எடுத்துவிட வேண்டுமானால் வேறு விதமான கையெழுத்து ஒன்று தேவைப்படும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனிதர்கள் விஷயத்தில் இந்தப் பிரச்னையை அவர்கள் தீர்த்துவிட்டார்கள். ஒரு குறிப்புக்குள் நண்பரின் பெயரையும் அவர் ஸெர்வரின் பெயரையும் அட் குறி போட்டு எழுதினால், படிப்பவர் அதைத் தொடும்போது அவரவர் ஸெர்வரிலேயே அந்த நண்பரின் பக்கம் திறக்கிறது. பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வெப்ஃபிங்கர் என்று 2013இல் நிலைபெற்ற ஒரு முறையை மாஸ்டோடான் உபயோகிக்கிறது. லெம்மி என்ற மென்பொருளில் ஒரு குழுவையே இப்படி ஆச்சரியக்குறி போட்டுச் சுட்டலாம். அங்கேயும் படிப்பவரின் சொந்த இடத்தில்தான் திறக்கும். மனிதனுக்குக் கொடுத்த இந்தச் சலுகையை அவன் எழுதியதற்குக் கொடுக்கவில்லை. எழுத்தாளனைத் தன் வீட்டிலிருந்தே பார்க்கலாம். எழுத்தைப் பார்க்க வெளியே போக வேண்டும். எழுத்தைவிட எழுத்தாளனைப் பார்ப்பது சுலபமாக இருப்பது நமக்குப் பழக்கமான நிலைமைதான். ஆனாலும் ஒரு புது உலகத்தைக் கட்டுகிறவர்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை.

பிரச்னைக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. போன வருஷம் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. ஒரு நாவலின் விமர்சனத்துக்கு ஒருவர் மறுப்பு எழுதியிருந்தார். விமர்சனம் எழுதியவர் இரண்டு வாரம் பொறுத்து, 'நான் கேட்ட எதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை' என்று கசப்புடன் எழுதினார். மறுத்தவர், 'நாலு பதில் எழுதியிருக்கிறேன், படிக்காமல் பேசாதே' என்றார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். பதில்கள் ஒருவர் ஸெர்வரில் இருந்தன. மற்றவர் ஸெர்வருக்கு எக்காரணத்தாலோ போய்ச் சேரவில்லை. ஒரே குறிப்பின் கீழ் என் ஸெர்வரில் மூன்று பதில்கள் தெரிந்தன, மூலத்தில் பதினொன்று. 2025இல் வந்த மாஸ்டோடான் பதிப்புகள் விடுபட்ட பதில்களைத் தேடி எடுத்துவர முயல்கின்றன. இது நல்ல காரியம். எல்லா ஸெர்வர்களும் புதுப்பித்துக்கொள்ளும்வரை சண்டைகளுக்குக் குறைவிருக்காது.

இதையும் லிங்க் பிரச்னையையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு வடிவம் தெரிகிறது. மூலத்துக்குப் போனால் விவாதம் அநேகமாக முழுசாக இருக்கிறது, ஆனால் நான் பேச முடியாது. என் பிரதியில் நான் பேசலாம், ஆனால் விவாதம் முழுசாக இல்லை. மூலத்தில் முழுமை, பிரதியில் குரல். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று வாசகனிடம் சொல்வது எந்த விவாதத்துக்கும் நல்லதில்லை. முழுசாகப் படித்துவிட்டு மௌனமாக இருப்பவர்களும், பாதி படித்துவிட்டுச் சத்தம் போடுபவர்களும் என்று இரண்டு ஜாதி உண்டாகிவிடும். உண்டாகியும் இருக்கிறது.

இதில் எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் ஒன்றைச் சொல்கிறேன். எங்களில் மூத்தவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், கவிதைகளை ஒரு நாளைக்கு நாலு வரி என்ற கணக்கில் படிக்கிறவர். அவருடைய நாலு வரிக் கருத்துக்காக நாங்கள் காத்திருப்போம். அவருக்கு மாஸ்டோடானில் கணக்குத் திறந்து கொடுத்து, தேடல் பெட்டி வித்தையையும் கற்றுக்கொடுத்தேன். மூன்று மாதம் சமாளித்தார். பிறகு ஒரு நாள் ஃபோனில் சொன்னார்: "போகிற வீட்டு வாசலில் எல்லாம் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறான் அப்பா. சின்ன வயசில் எங்கள் ஊரில் கேட்டு அலுத்த கேள்வி. இந்த வயசில் மறுபடியும் என்னால் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது." அவர் இப்போது ஒரு பெரிய கம்பெனியின் இடத்தில் எழுதுகிறார். அங்கே எல்லா லிங்க்கும் திறக்கிறது. யாரும் அவரிடம் வீட்டைக் கேட்பதில்லை, ஏனென்றால் அங்கே இருப்பது ஒரே வீடு. அவர் எழுதியதற்கு மேலும் கீழும் மாவு மிஷின் விளம்பரங்கள் வருகின்றன. அவர் அதைப் பார்ப்பதில்லை என்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெரிய ஸ்தாபனங்கள் நம்மை இழுப்பது ஜாலத்தால் மட்டும் அல்ல. ஒரு பொது வாசல் என்ற சாதாரண வசதியை அவை ஒழுங்காகச் செய்துதருகின்றன. சுதந்திரம் பேசுகிறவர்கள் அந்தச் சாதாரண வசதியைச் செய்துதரத் தவறும்போது, அவர்களுடைய சுதந்திரம் இளைஞர்களுக்கும் பொழுதுள்ளவர்களுக்கும் மட்டுமே உரியதாகிவிடுகிறது.

என்ன செய்யலாம் என்று யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. முக்கியமாக மூன்று யோசனைகள்.

ஒன்று, மின்னஞ்சல் வழி. ஒரு பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியைத் தொட்டால் நாம் யார் வீட்டுக்கும் போவதில்லை. நம்முடைய சொந்த அஞ்சல் மென்பொருள் நம் கையில் வந்து திறக்கிறது. காரணம், அந்த லிங்க்கின் தலைப்பில் இது வலைப்பக்கம் அல்ல, அஞ்சல் என்று குறிப்பிருக்கிறது. அதைப் போலவே ஃபெடிவெர்ஸ் குறிப்புகளுக்கென்று தனித் தலைப்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாம், பிரௌசர் அதைக் கண்டால் அவரவர் ஸெர்வரிடம் ஒப்படைக்கட்டும் என்கிறார்கள். மாஸ்டோடானே ஒரு காலத்தில் தன் பெயரில் இப்படி ஒரு தலைப்பை வைத்திருந்தது. எல்லா மென்பொருளுக்கும் பொதுவாக வெப் பிளஸ் ஏபி என்ற தலைப்பை வைக்கலாம் என்று பிறகு முன்மொழிந்திருக்கிறார்கள். சில பிரௌசர்கள் இதற்கு இடம் தருகின்றன. ஆப்பிளின் ஸஃபாரி தருவதில்லை. அதைவிடப் பெரிய குறை, ஃபெடிவெர்ஸில் இல்லாத ஒருவர் இந்த லிங்க்கைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. உறுப்பினர்களுக்கு மட்டும் திறக்கும் கதவை வைத்துக்கொண்டு பொதுவெளி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே இரண்டு லிங்க்குகள் தர வேண்டியிருக்கும்: உள்ளவர்களுக்கு ஒன்று, வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று.

இரண்டு, நடுவில் ஒரு தரகர். எல்லா லிங்க்குகளையும் ஒரு பொது இடத்தின் வழியாகப் போகும்படி செய்துவிட்டு, நம் வீடு எது என்பதை அந்த இடம் ஞாபகம் வைத்துக்கொண்டு அங்கே அனுப்பிவைப்பது. வேலை செய்யும். ஆனால் வாசல் வழியாக அனுப்பிய மையத்தைக் கொல்லைப்புறமாக அழைத்து உட்கார வைப்பது இது. யார் யார் எதைப் படிக்கப் போகிறார்கள் என்பது முழுக்க ஓரிடத்தில் பதிவாகும்.

மூன்று, அடையாளத்திலிருந்து வீட்டுப் பெயரையே எடுத்துவிடுவது. ப்ளூஸ்கை இந்தத் திசையில் போயிருக்கிறது. அங்கே எழுதுகிறவருக்கு ஸெர்வரைச் சாராத நிரந்தர அடையாளம் ஒன்று. அவர் எழுதியவற்றின் பெயர்கள் அந்த அடையாளத்தைத் தொற்றி நிற்கின்றன. உண்மை பொய்க்குச் சாட்சி சங்கேதக் கையெழுத்து. வீடு மாறினாலும் பெயர் மாறாது. தத்துவப்படி இதுதான் சரி. ஆனால் நடைமுறையில் ஜனங்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது அந்தக் கம்பெனியின் வலைத்தள முகவரியைத்தான். பெயருக்கு வீடு தேவையில்லை என்று ஆக்கிய பிறகும், புழக்கத்தில் எல்லாரும் ஒரே வாசலைச் சொல்கிறார்கள். ஏட்டில் இருக்கும் சுதந்திரத்துக்கும் நாக்கில் இருக்கும் பழக்கத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை இது காட்டுகிறது.

வீட்டுப் பெயர் அடையாளத்துக்குள் இருப்பதன் கொடுமை, வீடு இடியும்போது தெரியும். மாஸ்டோடான் டாட் லால் என்று ஒரு ஸெர்வர் இருந்தது. 2023இல் அதன் நிர்வாகி அதை மூடினார். குவீர் டாட் ஏஎஃப் என்ற ஸெர்வரின் கதை இன்னும் விசித்திரம். ஏஎஃப் என்ற வால் ஆப்கானிஸ்தானுக்கு உரியது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்தப் பெயரை முடக்கியது. ஸெர்வர் ஆப்கானிஸ்தானில் இல்லை, எழுதியவர்களும் அங்கே இல்லை. பெயரின் வால் மட்டும் அங்கே இருந்தது. அன்றோடு அங்கே எழுதப்பட்ட எல்லாவற்றுக்குமான லிங்க்குகள் செத்தன. இவ்வளவுக்கும் அவற்றின் பிரதிகள் உலகம் பூராவும் மற்ற ஸெர்வர்களின் அலமாரிகளில் இருக்கின்றன. பிரதி இருக்கிறது, பெயரும் தெரியும், அந்தப் பெயரைச் சொல்லிப் பிரதியை அடைய வழி இல்லை. மாஸ்டோடானில் வீடு மாறுகிறவர் தன்னைப் பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். எழுதியதைக் கொண்டுபோக முடியாது.

இந்த இடத்தில் சிறுபத்திரிகைகளின் உதாரணத்தைத் தவிர்க்க முடியவில்லை. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இல் தொடங்கி 1970இல் நின்றது. அதில் வந்த ஒரு கட்டுரையைக் குறிப்பிடுகிற யாரும் அது வெளிவந்த திருவல்லிக்கேணி வீட்டைக் குறிப்பிடுவதில்லை. பத்திரிகை பெயர், இதழ் எண், பக்கம். அவ்வளவுதான். அச்சிட்டிருந்த முகவரி சந்தா அனுப்புவது போன்ற காரியங்களுக்கு. பத்திரிகை நின்றது, ஆசிரியர் காலமானார். குறிப்பு இன்றும் வேலை செய்கிறது. யார் பரணில், எந்த நூலகத்தில் ஒரு பிரதி இருந்தாலும் அந்தக் குறிப்பு அதற்குப் பொருந்தும். நம் முன்னோடிகள் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. அச்சு உலகத்தின் பொது வழக்கம் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஆயிரம் பிரதி அச்சிட வசதியில்லாதவர்களின் எழுத்து அறுபது வருஷம் தாண்டியும் சுட்டிக்காட்டக்கூடியதாக இருப்பதற்கு அந்த வழக்கம் ஒரு காரணம்.

கணினி உலகில் இதைப் பற்றி யோசித்த மூத்தவர்கள் இரண்டு பேர். டெட் நெல்ஸன் 1960இலேயே ஸனடு என்ற திட்டத்தை ஆரம்பித்தார். அதில் லிங்க் இரண்டு பக்கமும் இணைந்திருக்கும், அறுந்துபோகாது. அது பரவவே இல்லை. டிம் பெர்னர்ஸ்லீ 1989இல் ஸெர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்மொழிந்த ஏற்பாட்டில் லிங்க் ஒருபக்கமாகப் போகும், அறுந்தும் போகலாம். அறுந்துபோக அனுமதித்ததால்தான் அது பரவியது. யாரிடமும் அனுமதி கேட்காமல் யாரும் யாரையும் சுட்ட முடிந்தது. 1998இல் அவரே, நல்ல முகவரிகள் மாறுவதில்லை, மாற்றுவது மனிதர்கள்தான் என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதினார். தான் கொடுத்த சுதந்திரத்துக்கு ஒரு ஒழுக்கமும் தேவை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

ஆகவே எந்த லிங்க்கும் எப்போதும் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைத் தரக்கூடியது மையம் ஒன்றுதான். எல்லாருக்கும் ஒரே பக்கம் ஒரே மாதிரி திறக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவரவர் வீட்டு விளக்கில் அவரவர் படிக்கட்டும். நான் கேட்பது குறைவானது: ஒருவர் காட்டும் எழுத்தையே மற்றவர் தன் இடத்தில் நின்றபடி பார்க்க முடிய வேண்டும், பார்த்த இடத்திலேயே பேசவும் முடிய வேண்டும். அங்கே ஃபெடிவெர்ஸ் என்ற பெயரையே கேட்டிராத ஒருவர் வந்தால், அவர் படிக்கவாவது முடிய வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் லிங்க் என்று சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் கூட்டத்தில் இதற்கு எதிர்க்கருத்து உண்டு. நண்பர் ஒருவர், நல்ல கவி, சொல்கிறார்: "கஷ்டம் இருப்பது நல்லது. கஷ்டப்பட்டு வருகிறவன் அக்கறையோடு வருவான். கதவை அகலத் திறந்தால் சந்தை உள்ளே வரும்." இந்த வாதத்தை நான் நாற்பது வருஷமாக வெவ்வேறு உருவங்களில் கேட்டுவருகிறேன். பத்திரிகை தபாலில் தொலைந்துபோவதையும், புத்தகம் கடையில் கிடைக்காமல் இருப்பதையும், அச்சுப் பிழைகளையும்கூட நம்மவர்கள் தரத்தின் லட்சணமாகச் சொன்னதுண்டு. சிறியதாக இருப்பது என்று முடிவெடுப்பது ஒன்று. கதவு சரியாகத் திறக்காததால் சிறியதாக இருப்பது வேறொன்று. முன்னதில் யார் உள்ளே வரவில்லை என்பதை எழுத்து தீர்மானிக்கிறது. பின்னதில் கீல் தீர்மானிக்கிறது. எழுபது வயதுக்காரரை வெளியே நிறுத்தியது எங்கள் கவிதைக் கொள்கை அல்ல. அவருக்கு அக்கறை இல்லை என்று சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வராது.

தவிர, இந்தக் கஷ்டம் யாரைச் சோதிக்கிறது என்று பார்க்க வேண்டும். கணினிப் பழக்கத்தைச் சோதிக்கிறது. ரசனையைச் சோதிக்கவில்லை. ஸெர்வர் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய, ஆனால் ஒரு கவிதையில் வரி எங்கே உடைகிறது என்று பார்க்கத் தெரியாத பலர் எந்தச் சிரமமும் இல்லாமல் உள்ளே வந்து போகிறார்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒப்பந்தத்துக்கு வரும்வரை நாங்கள் எங்களுக்குள் சில வழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறோம். யாருக்கு லிங்க் அனுப்பினாலும் நம் ஸெர்வரின் பிரதிக்கான முகவரியை அனுப்புவதில்லை. மூலத்தின் முகவரியையே அனுப்புகிறோம். அது ஒன்றைத்தான் எந்த ஸெர்வரின் தேடல் பெட்டியும் புரிந்துகொள்ளும் என்று நம்பலாம். லிங்க்கோடு எழுதியவர் பெயர், தேதி, முதல் வாக்கியம் மூன்றையும் சேர்த்து எழுதுகிறோம். லிங்க் செத்தாலும் இவற்றை வைத்து யார் அலமாரியிலாவது தேட முடியும். முக்கியமான விவாதங்களை, எழுதியவர்களின் சம்மதத்தோடு, முழுசாகத் தனியே எடுத்துவைக்கிறோம். இவை எல்லாம் பழைய நூலகர்களின் வழக்கங்கள். பெருமைப்பட ஒன்றும் இல்லை. மென்பொருள் செய்ய வேண்டியதைக் கையால் செய்கிறோம்.

கையால் செய்வது கொஞ்சம் பேருக்குத்தான் ஆகும். இருபது பேருக்கு முடிவது இருபதாயிரம் பேருக்கு முடியாது. அதனால் இதை வழக்கத்தோடு விட்டுவிடச் சம்மதமில்லை. மையம் இல்லாத இடங்களைக் கட்டுகிறவர்கள் தணிக்கையைப் பற்றியும் உடைமையைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்திருக்கிறேன், பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ஒரு கிழவர் ஒரு குறிப்பைத் தொட்டால் அது அவர் வீட்டிலேயே திறக்க வேண்டும் என்ற ஒரு வரியை அவர்கள் தங்கள் கொள்கை அறிக்கைகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்காதவரை அந்த அறிக்கைகளின் மற்ற வரிகளை நிறைவேற்றும் பொறுப்பு கம்பெனிகளிடம்தான் போய்ச் சேரும். அவை எப்படி நிறைவேற்றும் என்பது நமக்குத் தெரியும்.